மார்ச்சில் லாபம், அக்டோபரில் சம்பளம் இல்லை

சின்ன மருத்துவ அறக்கட்டளை ஒன்றின் வருஷக் கணக்கை, ஆடிட்டர் கையெழுத்துப் போட்ட பிறகு எடுத்துப் பாருங்கள். நன்றாகத்தான் இருக்கும். மார்ச் 31 அன்று வங்கியில் மூன்று லட்சம் கையிருப்பு, கடன் பெரிதாக இல்லை. அதே டிரஸ்ட் ஐந்து மாதம் முன்னால், அக்டோபரில், நர்ஸுக்கு இருபது நாள் தாமதமாகச் சம்பளம் போட்டிருக்கும். வருஷ முடிவில் ஒரே ஒரு நாளைப் படம் பிடிக்கும் பேலன்ஸ் ஷீட்டில் அது தெரியாது. இப்படிப்பட்ட அமைப்புகளை மூட வைப்பது பெரும்பாலும் மொத்தத் தொகை அல்ல. பணம் எந்த மாதத்தில் வருகிறது, என்ன நிபந்தனையோடு வருகிறது என்ற இரண்டும்தான் தீர்மானிக்கின்றன.

பேச்சு அந்தரத்தில் நிற்காமல் இருக்க ஒரு மாதிரிக் கணக்கு வைத்துக்கொள்வோம். ஒரு தாலுகாவுக்குள் வீடு வீடாகப் போய்ப் படுக்கையில் கிடக்கும் நோயாளிகளைப் பார்க்கும் பாலியேட்டிவ் கேர் (வலி தணிப்பு சிகிச்சை) அணி. வண்டி ஒன்று. மாதம் 20 நாள், நாளுக்கு 6 வீடு, ஆக 120 வருகை. தொகைகள் உதாரணத்துக்கு நான் வைத்தவை. உங்கள் ஊர் நிலவரத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.

நர்ஸ் 20,000. உதவியாளர் 13,000. டிரைவர் 15,000. வாரம் இரண்டு நாள் வரும் டாக்டருக்கு மதிப்பூதியம் 24,000. பகுதிநேரக் கணக்கர் 7,000. வண்டி நாளுக்கு 70 கிலோமீட்டர் ஓடினால் மாதம் 1,400. லிட்டருக்கு 14 கிடைத்தால் 100 லிட்டர் டீசல், லிட்டர் 92 ரூபாய் என்றால் 9,200. வண்டிப் பராமரிப்பும் இன்சூரன்ஸும் மாதத்துக்குப் பிரித்தால் 4,000. மருந்து, காஸ் துணி, கத்தீட்டர் (சிறுநீர்க் குழாய்), கையுறை, டயப்பர் எல்லாம் 18,000. வாடகை 8,000. கரண்ட், போன் 3,000. ஆடிட்டர் கட்டணம், பதிவு வேலைகள் வருஷம் 36,000 என்றால் மாதம் 3,000. கூட்டினால் 1,24,200.

பலர் இதோடு நிறுத்திவிடுவார்கள். விட்டுப்போன வரி, அடுத்த வண்டி. ஒன்பது லட்ச ரூபாய் வண்டி எட்டு வருஷம் ஓடும் என்றால் மாதம் சுமார் 9,400 தனியே ஒதுக்க வேண்டும். அதையும் சேர்த்தால் மாதம் 1,33,600. வருஷத்துக்கு 16 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். ஒரு வீட்டு வருகைக்கு 1,113 ரூபாய்.

இந்த 1,33,600இல் மருந்தும் கட்டுப் பொருளும் 18,000தான், நூற்றுக்குப் பதினான்குகூட இல்லை. ஆட்களுக்குப் போவது 79,000, கிட்டத்தட்ட அறுபது விழுக்காடு. வீட்டில் தரும் வலி தணிப்பு சிகிச்சை என்பது பெரும்பாலும் ஆள், டீசல், நேரம். வலிக்குத் தரும் வாய்வழி மார்ஃபின் மலிவான மருந்து. அதைச் சரியான அளவில் எழுதித் தரும் டாக்டரும், வாரம் ஒருமுறை போய் அந்த மருந்தால் மலச்சிக்கல் இருக்கிறதா என்று கேட்கும் நர்ஸும்தான் செலவு. ஆனால் நன்கொடையாளர் மனசு வேறு மாதிரி. "மருந்துக்கு" என்றால் பர்ஸ் திறக்கும். "டிரைவர் சம்பளத்துக்கு" என்றால், "அதை நீங்க பாத்துக்கக் கூடாதா சார்?" என்று கேட்பார்.

இங்கேதான் முதல் தப்பு நடக்கிறது. கேட்பதற்குச் சுலபம் என்று நோட்டீஸிலும் ரசீதிலும் "ஏழை நோயாளிகள் மருந்து நிதி" என்று அச்சடித்துவிடுவார்கள். வருஷம் ஐந்து லட்சம் அந்தப் பெயரில் வரும். மருந்துச் செலவு இரண்டு லட்சத்துப் பதினாறாயிரம். மீதியைச் சம்பளத்துக்கு எடுத்தால் கொடுத்தவரிடம் சொன்ன வார்த்தை பொய்யாகிறது. எடுக்காவிட்டால் பணத்தை வைத்துக்கொண்டே சம்பளத்துக்குக் கடன் வாங்க வேண்டும். ரசீதில் "வீட்டு வருகை சிகிச்சைப் பணிக்காக" என்று ஒரு வரி போட்டிருந்தால் இந்தச் சிக்கலே இல்லை. கேட்கும்போதும் ஒரு வருகைக்கு 1,100 ரூபாய் என்று கேளுங்கள், அதில் டிரைவரும் டீசலும் அடக்கம் என்று சொல்லியே கேளுங்கள். மக்கள் புரிந்துகொள்கிறார்கள்.

முதல் இரண்டு வருஷம் பெரும்பாலும் தொடங்கியவரின் சொந்தப் பணத்தில் ஓடும். அதில் தப்பில்லை, பதிவு இல்லாமல் ஓடுவதுதான் தப்பு. டீசலுக்குக் கைக்காசு கொடுத்தார், வாடகையை ஜிபேயில் போட்டார் என்று உதிரி உதிரியாகப் போனால், மூன்றாம் வருஷம் அது நன்கொடையா கடனா என்று அவருக்கே தெரியாது. கொடுக்கும் தொகை முதலில் டிரஸ்ட் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும், அன்றைக்கே நன்கொடை, கடன் என்ற இரண்டில் ஒரு பெயர் பெற வேண்டும். வரி விலக்குக்கு வரவில் 85 விழுக்காடு அறப்பணிக்குச் செலவாக வேண்டும் என்பதால் இது முக்கியம். கடன் என்றால் அதிலிருந்து செய்த செலவு அந்த வருஷத்து அறப்பணிச் செலவாகக் கணக்கில் ஏறாது. ஐந்து வருஷத்துக்குள் திருப்பித் தரும்போதுதான் ஏறும். இன்னொன்று: ஒரு வருஷம் வரவைவிடக் கூடுதலாகச் செலவழித்தால், அந்தப் பற்றாக்குறையை அடுத்த வருஷ வரவில் கழித்துக்கொள்ளும் பழக்கம் முன்பு இருந்தது. 2021 நிதிச் சட்டம் அந்தக் கதவை அடைத்துவிட்டது. அறங்காவலர் வீட்டையே ஆபீஸாக வாடகைக்கு எடுத்தால் வாடகை ஊர் நிலவரத்துக்கு மேல் ஒரு ரூபாய்கூடப் போகக் கூடாது. பக்கத்துக் கட்டட வாடகை ஒப்பந்தத்தின் நகல் ஒன்று ஃபைலில் இருப்பது நல்லது.

(இந்தப் பதிவில் வரும் படிவ எண்களும் விதிகளும் 1961 வருமான வரிச் சட்டத்தின்படி. 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டுச் சட்டம் அதன் இடத்தில் வருகிறது. பிரிவு எண்களெல்லாம் மாறுகின்றன. ஆடிட்டரிடம் புது எண்களைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.)

வரி விலக்குப் பதிவை முதல்முறை வாங்கும்போது மூன்று வருஷத்துக்குத் தற்காலிகமாகத் தருகிறார்கள். 12ஏபி (டிரஸ்டின் வருமானத்துக்கு விலக்கு), 80ஜி (நன்கொடை தருபவருக்கு வரிக் கழிவு) இரண்டுமே அப்படித்தான். பலர் அந்தச் சான்றிதழை ஃபிரேம் போட்டு மாட்டிவிட்டுத் தேதியை மறந்துவிடுகிறார்கள். அடுத்த, வழக்கமான பதிவுக்கான 10ஏபி படிவத்தை, தற்காலிகப் பதிவு முடிவதற்கு ஆறு மாதம் முன்பாகவோ பணி தொடங்கி ஆறு மாதத்துக்குள்ளாகவோ, எது முந்தியதோ அதற்குள் போட வேண்டும். இந்த "எது முந்தியதோ"வில்தான் நிறையப் பேர் விழுகிறார்கள். ஏற்கனவே வேலை நடந்துகொண்டிருக்கும் டிரஸ்டுக்கு அது மூன்று வருஷக் கெடுவே அல்ல. தவறவிட்டால் வரி விலக்கு போவதோடு நிற்காது. சேர்த்து வைத்த சொத்தின் நிகர மதிப்புக்கே வரி போடும் 115டிடி பிரிவு இருக்கிறது. தாமதத்தை மன்னிக்கும் அதிகாரத்தை 2024இல் கொடுத்தார்கள், ஆனால் அதை நம்பித் திட்டம் போட முடியாது. ஒரு நல்ல செய்தி: 2025 நிதிச் சட்டத்துக்குப் பிறகு, ஆண்டு வருமானம் ஐந்து கோடிக்குள் இருக்கும் சிறிய டிரஸ்டுகளுக்கு 12ஏபி பதிவு ஐந்து வருஷத்துக்குப் பதில் பத்து வருஷம்.

80ஜியை நம்பியே நன்கொடை திரட்டும் காலம் மெல்ல முடிந்துகொண்டிருக்கிறது என்பது என் எண்ணம். புதிய வரி முறையில் போகிறவருக்கு 80ஜி கழிவே கிடையாது. 2023-24இலிருந்து அதுதான் இயல்பு முறை. சம்பளக்காரர்கள் மார்ச் கடைசி வாரத்தில் அவசரமாக அனுப்பும் பத்தாயிரங்கள் இனி அந்த வேகத்தில் வராது. இருந்தாலும் ரசீது ஒழுங்கு முக்கியம். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கொடுத்தவருக்குக் கழிவு இல்லை. பொருளாகக் கொடுத்தாலும் இல்லை. மே 31க்குள் 10பிடி (நன்கொடையாளர் விவரம்) அறிக்கை போட்டால்தான் அவருக்கு 10பிஇ சான்றிதழ் போகும். தாமதத்துக்கு நாளுக்கு 200 ரூபாய். பான் எண் வாங்காமல் விட்ட நாற்பது ரசீதுகளுக்கு மே மாதத்தில் போன் போட்டுக்கொண்டிருப்பதுதான் பல டிரஸ்டுகளின் கோடைக்கால வேலை. ரசீது எழுதும்போதே வாங்கிவிட்டால் அரை நிமிஷம்.

எனக்குப் பிடித்த வரவு சின்னச் சின்ன மாதாந்திரக் காசு. கேரளத்தில் மலப்புறம் பக்கம் பாலியேட்டிவ் கேர் வேரூன்றியதே இப்படித்தான். 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வேலை ஊர் ஊராகப் பரவியபோது, கடைக்காரர்களும் பஸ் தொழிலாளர்களும் மாணவர்களும் கொடுத்த சில்லறைதான் பெரும் பங்கைத் தாங்கியது. 200 பேர் மாதம் 500 கொடுத்தால் ஒரு லட்சம். நம் மாதிரிக் கணக்கில் முக்கால் பங்கு. நிபந்தனை இல்லை, மாதா மாதம் வருகிறது, டிரைவர் சம்பளத்துக்கும் ஆகும்.

ஆனால் அதிலும் இரண்டு ஓட்டைகள். ஒன்று, யுபிஐ ஆட்டோபேயோ வங்கி மேண்டேட்டோ ஓசைப்படாமல் நின்றுபோகும். கணக்கில் பணம் இல்லை, வங்கி மாற்றினார், போன் மாற்றினார். யாரும் "இனி தர மாட்டேன்" என்று சொல்வதில்லை. பிடிக்கும் தேதியை 5லிருந்து 7க்குள் வையுங்கள். 25ஆம் தேதி வைத்தால் பாதி திரும்பி வரும். 10ஆம் தேதி தோல்விப் பட்டியலை எடுத்து ஒருவர் உட்கார்ந்து கூப்பிட வேண்டும். இரண்டு மாதம் விட்டால் அந்த ஆள் போனது போனதுதான். இரண்டாவது ஓட்டை மெதுவானது, அதனால் கண்ணுக்குத் தெரியாது. செலவு வருஷம் 8 விழுக்காடு ஏறினால் ஒன்பது வருஷத்தில் இரட்டிப்பாகும். அன்று 500 கொடுத்தவர் இன்றும் 500தான் கொடுப்பார், ஏனென்றால் யாரும் அவரிடம் கேட்கவில்லை. முக்கால் பங்கைத் தாங்கிய அதே 200 பேர் அப்போது 37 விழுக்காட்டைத்தான் தாங்குவார்கள். ஒருவர்கூட விலகவில்லை, ஆனாலும் டிரஸ்ட் பாதி ஏழையாகிவிட்டது. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை "500ஐ 650 ஆக்க முடியுமா?" என்று கடிதம் போடக் கூச்சப்படக் கூடாது.

கடைகளில் வைக்கும் உண்டியல் டப்பா பற்றி ஒரு எச்சரிக்கை. பெயர் தெரியாத நன்கொடை என்று வரிச் சட்டத்தில் தனி வகை இருக்கிறது. மொத்த நன்கொடையில் 5 விழுக்காடு அல்லது ஒரு லட்சம், இதில் எது அதிகமோ அதற்கு மேல் போகும் தொகைக்கு 30 விழுக்காடு வரி. 17 லட்சம் வரவுள்ள டிரஸ்டுக்கு 5 விழுக்காடு 85,000தான். ஆகவே ஒரு லட்சம் வரை கவலையில்லை. டப்பாவுக்கு எண், சீல், திறக்கும்போது இரண்டு பேர், எண்ணிய தாளில் கடைக்காரர் கையெழுத்து, மறுநாள் முழுத் தொகையும் வங்கிக்கு. டப்பாக் காசை எடுத்து அங்கேயே டீசல் போடுவதுதான் சந்தேகத்தின் முதல் விதை. எடுத்தவர் நேர்மையானவராக இருந்தாலும் நிரூபிக்க வழி இருக்காது.

நோயாளியிடம் கட்டணம் வாங்கலாமா? வாங்கினால் அறக்கட்டளை அந்தஸ்து போய்விடும் என்று பலர் பயப்படுகிறார்கள். போகாது. வணிக வரவு 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்ற வரம்பு "பொதுப் பயன்" என்ற பொதுவான நோக்கமுள்ள அமைப்புகளுக்குத்தான். மருத்துவ உதவி சட்டத்தில் தனியே பெயர் சொல்லப்பட்ட அறநோக்கம். மதுரையில் 1976இல் 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கட்டணம் தருபவர்களின் பணத்தில் இலவச அறுவை சிகிச்சை செய்தே வளர்ந்தது. ஆனால் அது கண்புரைக்குப் பொருந்தும் கணக்கு: ஒருமுறை சிகிச்சை, பார்வை திரும்பும், ஒரே நாளில் நிறையப் பேருக்குச் செய்யலாம். இறுதிக் கட்டப் புற்றுநோயில் குடும்பம் ஏற்கனவே நகையை அடகு வைத்து முடித்திருக்கும். அங்கே கட்டணத்தை வைத்து பட்ஜெட் போடுவது வீண்.

இனி பெரிய மானியம். சிறிய டிரஸ்டுகள் அதிகம் உடைவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன்.

நான்காவது வருஷம் ஒரு கம்பெனியின் சிஎஸ்ஆர் பணம் (சட்டப்படி சமூகப் பணிக்கு ஒதுக்குவது) வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வருஷத்துக்கு 36 லட்சம், இரண்டாவது அணி அமைக்க. டிரஸ்டின் அளவு ஒரே நாளில் இரட்டிப்பு. நோயாளிகள் 60லிருந்து 120. முப்பத்தாறாவது மாதம் பணம் நிற்கும். அறுபது நோயாளிகள் நிற்க மாட்டார்கள். அப்போது முதல் அணிக்கான ஊர்ப்பணத்தை எடுத்து இரண்டு அணியையும் ஓட்டப் பார்ப்பார்கள். எட்டு மாதத்தில் இரண்டுமே படுத்துவிடும். மானியம் கிடைத்ததும் ஊரில் மாதாந்திர நன்கொடை திரட்டுவதை நிறுத்தியிருப்பார்கள் என்பதும் இதோடு சேரும். "அவங்களுக்குக் கம்பெனிப் பணம் வருதே" என்று ஊரும் கையை மடக்கியிருக்கும்.

சமாளிக்கும் வழி ஒப்பந்தம் போடும் மேஜையிலேயே தொடங்குகிறது. தொகையை முதல் வருஷம் 15, இரண்டாம் வருஷம் 12, மூன்றாம் வருஷம் 9 என்று இறங்குவரிசையில் கேளுங்கள். இறங்கும் ஒவ்வொரு மூன்று லட்சத்துக்கும் மாதம் 500 தரும் ஐம்பது புதிய ஆட்கள் வேண்டும். அதை முதல் மாதத்திலிருந்தே தேட வேண்டும். பதினெட்டாவது மாதம் திரும்பிப் பார்க்கும்போது ஐம்பதுக்கு இருபதுதான் சேர்ந்திருந்தால், இரண்டாவது அணியில் புது நோயாளி எடுப்பதை அப்போதே குறைக்க வேண்டும். கேட்கக் கொடுமையாகத்தான் இருக்கும். முப்பத்தாறாவது மாதம் நட்டாற்றில் விடுவது அதைவிடக் கொடுமை.

சிஎஸ்ஆர் பேச்சில் அடிக்கடி வரும் ஒரு குழப்பம்: "நிர்வாகச் செலவு 5 விழுக்காட்டுக்கு மேல் தர மாட்டோம்." அந்த 5 விழுக்காடு, கம்பெனி தன் சொந்த சிஎஸ்ஆர் பிரிவை நடத்தும் செலவுக்கான வரம்பு. செயல்படுத்தும் டிரஸ்டின் கணக்கருக்கும் வாடகைக்கும் அந்த வரம்பு இல்லை. இதை மரியாதையாக, விதியைக் காட்டி எடுத்துச் சொன்னால் பாதி இடங்களில் ஒப்புக்கொள்வார்கள். மூலநிதிக்காக (முதலைத் தொடாமல் வட்டியை மட்டும் செலவழிக்கும் நிதி) கொடுப்பது 2021 ஜனவரியிலிருந்து சிஎஸ்ஆராகச் செல்லாது, அதைக் கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். சிஎஸ்ஆர் பணம் வாங்க டிரஸ்டுக்கு சிஎஸ்ஆர்-1 பதிவும் மூன்று வருஷ அனுபவமும் வேண்டும்.

கம்பெனிப் பணம் மார்ச் 27 வாக்கில் வந்து விழுவது வழக்கம். அவர்களுக்கு வருஷ முடிவுக்குள் செலவு காட்ட வேண்டும். உங்களுக்கோ வந்த வரவில் 85 விழுக்காட்டை அதே வருஷம் அறப்பணிக்குச் செலவழிக்க வேண்டும் என்ற விதி. நான்கு நாளில் பன்னிரண்டு லட்சம் எப்படிச் செலவழிப்பது? பதறிப்போய் வேண்டாத கட்டில், ஆக்சிஜன் கருவி எல்லாம் வாங்கிக் குவிப்பவர்கள் உண்டு. தேவையில்லை. அடுத்த வருஷத்திலேயே செலவாகும் என்றால் 9ஏ படிவம். குறிப்பிட்ட நோக்கத்துக்காக ஐந்து வருஷம் வரை சேர்த்து வைக்க 10ஆம் எண் படிவம். இரண்டுக்கும் கெடு ஆகஸ்ட் 31. தணிக்கை அறிக்கை செப்டம்பர் 30, ரிட்டர்ன் அக்டோபர் 31. ஆடிட்டர் செப்டம்பரில்தான் ஃபைலைத் திறப்பார் என்றால் முதல் கெடு ஏற்கனவே போயிருக்கும், ஆகவே ஜூலையில் அவர் மேஜையில் வையுங்கள். செலவு என்பதும் கையிலிருந்து போன நாளைத்தான் குறிக்கும்: மார்ச் மாதச் சம்பளத்தை ஏப்ரல் 5 போட்டால் அது அடுத்த வருஷச் செலவு.

வெளிநாட்டுப் பணத்தைப் பற்றிச் சுருக்கமாக: எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு இல்லாமல் சிங்கப்பூரிலோ கனடாவிலோ அந்நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்ட சொந்தக்காரர் அனுப்பும் பத்தாயிரம்கூட வாங்கக் கூடாது. இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சேமிப்பிலிருந்து தருவது வேறு. பதிவு வாங்கினாலும் டெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில்தான் பணம் வந்து இறங்க வேண்டும், நிர்வாகச் செலவுக்கு 20 விழுக்காடு உச்சவரம்பு, இன்னொரு அமைப்புக்குக் கைமாற்றக் கூடாது. நர்ஸ், டாக்டர் சம்பளம் அந்த 20இல் சேராது என்பது மட்டும் ஆறுதல். வருஷம் நாலைந்து லட்சத்துக்காக இந்தச் சுமையைத் தலையில் ஏற்றுவது, என்னைக் கேட்டால், வேண்டாம்.

டாக்டர் மதிப்பூதியத்தில் டிடிஎஸ் (கொடுக்கும்போதே பிடிக்கும் வரி) பிடிக்காமல் விடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. "சேவைக்கு வர்றவர்கிட்ட எப்படிப் பிடிக்கிறது" என்ற தயக்கம். மாதம் 24,000 என்றால் வருஷம் 2,88,000. 50,000 வரம்பைத் தாண்டியதால் பத்து விழுக்காடு பிடிக்க வேண்டும். பிடிக்காவிட்டால் அந்தச் செலவில் 30 விழுக்காடு, அதாவது 86,400, அறப்பணிச் செலவாக ஏற்கப்படாது. ஒரே ஆளுக்கு ஒரே நாளில் 10,000க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தாலும் அந்தச் செலவு ஏறாது. மருந்துக் கடைப் பில்லில்தான் இது வரும்.

ஆள் எண்ணிக்கை பத்தைத் தொட்டதும் இஎஸ்ஐயும் கிராஜுவிட்டியும் (பணிக்கொடை) வந்துவிடும், இருபதில் பிஎஃப். கிராஜுவிட்டியை யாரும் மாதா மாதம் ஒதுக்குவதில்லை. 18,000 அடிப்படைச் சம்பளத்தில் ஏழு வருஷம் இருந்த நர்ஸ் விலகும்போது 18,000ஐ 15ஆல் பெருக்கி 26ஆல் வகுத்து ஏழால் பெருக்க வேண்டும்: 72,692 ரூபாய். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பில், குறிப்பிட்ட கால ஒப்பந்த ஊழியருக்கு ஒரு வருஷத்திலேயே இந்த உரிமை வருகிறது. மானியத் திட்டத்துக்கு எடுக்கும் ஆட்கள் பெரும்பாலும் இந்த வகைதான், அதனால் அந்தத் தொகையைத் திட்ட பட்ஜெட்டிலேயே வரியாகச் சேர்த்துக் கேளுங்கள்.

இலவசமாக வரும் மருந்துக்கும் செலவு உண்டு. காலாவதிக்கு இரண்டு மாதம் இருக்கும் சிரப் நான்கு பெட்டி வந்தால், அதைப் பதிவேட்டில் ஏற்ற, அடுக்க, கடைசியில் முறைப்படி அழிக்க நீங்கள்தான் பணம் கட்ட வேண்டும். ஆறு மாதத்துக்குக் குறைவாக ஆயுள் இருந்தால் நன்றி சொல்லித் திருப்பி அனுப்பலாம், தப்பில்லை.

கடைசியாகச் சேமிப்பு. மூன்று மாதச் செலவு, நம் கணக்கில் நான்கு லட்சம், தொடாமல் இருந்தால் அக்டோபரைக் கடக்கலாம். அறக்கட்டளை சேமிக்கக் கூடாது என்ற நினைப்பு பரவலாக இருக்கிறது, ஆனால் வரவில் 15 விழுக்காட்டை எந்தப் படிவமும் இல்லாமல் வைத்துக்கொள்ளச் சட்டமே விடுகிறது. 17 லட்சம் வரவில் அது 2,55,000. வண்டி நிதிக்கு வருஷம் ஒரு லட்சத்துப் பதின்மூன்றாயிரம் போனாலும் மீதி 1,42,000. அந்த வரம்பு முழுவதையும் சேமிக்க முடிந்தால் மூன்றே வருஷத்தில் நான்கு லட்சம் சேரும். வண்டிக்குத் தேய்மானம் என்று கணக்கில் எழுதுவதை நம்பாதீர்கள். வாங்கிய வருஷமே முழு விலையையும் அறப்பணிச் செலவாகக் காட்டியாயிற்று, தேய்மானத்தை மறுபடி காட்ட முடியாது. எட்டாவது வருஷம் ஷோரூமில் கட்ட உண்மையான ரொக்கம் வேண்டும்.

மூலநிதி என்று யாராவது தந்தால் "கார்பஸுக்காக" என்று அவர் கைப்பட எழுதிய கடிதம் வாங்குங்கள், தனி எஃப்டியில் போடுங்கள். ஷெட்யூல்டு வங்கி, கூட்டுறவு வங்கி, அஞ்சலகம் எல்லாம் சரி. அறங்காவலருக்குத் தெரிந்த நம்பிக்கையான சீட்டு, பத்து விழுக்காடு தரும் தனியார் ஃபைனான்ஸ் இரண்டும் கூடாது. வட்டி போவது ஒரு பக்கம், வரி விலக்கே கேள்விக்குள்ளாகும். ஐம்பது லட்சம் மூலநிதி இருந்தாலும் 6.5 விழுக்காட்டில் வருஷ வட்டி 3,25,000, அதாவது இரண்டரை மாதச் செலவுக்குக்கூடக் கொஞ்சம் குறைவு. மீதி ஒன்பதரை மாதத்துக்கு 10ஆம் தேதி அந்தத் தோல்விப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு போன் போட்டாக வேண்டும்.